குழாய் ஓரத்து ஓட்டை

ஜவ்வாது மலையில் காவலூர் என்று ஓர் ஊர் இருக்கிறது. கடல் மட்டத்தில் இருந்து சுமார் 725 மீட்டர் உயரம். வானத்தை ஆராயும் நிலையம் ஒன்று அங்கே உண்டு. வைணு பாப்பு என்ற விஞ்ஞானியின் பெயர் கொண்ட பெரிய தொலைநோக்கி 1986-ம் ஆண்டு அங்கு திறந்து வைக்கப்பட்டது. அதில் உள்ள கண்ணாடியின் அகலம் 93 அங்குலம்!

கோடானு கோடி மைலுக்கு அப்பால் உள்ள நட்சத்திரத்தையும் அந்தக் கண்ணாடி காட்டிவிடும்.

ஆனால், குளியல் அறையில் குழாய் ஓரத்தில் இருக்கும் விரல் அகல ஓட்டை மட்டும் எவர் கண்ணிலும் படுவதில்லை. மலையிலும் சரி, கீழே சமவெளியிலும் சரி, இதே கதைதான்.

ஓட்டை சிறியது. அது செய்யும் கேடு பெரியது. ஒரு குடும்பம் வாழ்நாளில் ஒரு முறை கட்டும் வீட்டை அது மெல்ல மெல்ல அரித்துவிடுகிறது.

அந்த ஓட்டையை அடைப்பது கடினமான வேலை அல்ல. அதிகச் செலவும் இல்லை. அடைக்க வேண்டிய நேரத்தில் அடைக்க வேண்டும். அடைத்த பிறகு தண்ணீர் நிறுத்திப் பார்க்க வேண்டும். இந்த இரண்டையும் செய்யாததால்தான் இத்தனை தொல்லை.

கூரை வீடும் காரை வீடும்

ஜவ்வாது மலை திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் ஆகிய 3 மாவட்டங்களில் பரவிக் கிடக்கிறது. ஜமுனாமரத்தூர், புதூர்நாடு, பீஞ்சமந்தை என்று பல ஊர்கள். அங்கு வாழ்பவர்களில் பெரும்பாலோர் மலையாளி என்ற பழங்குடி மக்கள். சாமை விளைவிப்பார்கள். தேன் எடுப்பார்கள்.

அவர்களுடைய பழைய வீடு, மண் சுவரும் புல் கூரையும் கொண்டது. அந்த வீட்டில் மழை ஒழுகினால் உடனே தெரிந்துவிடும். அண்ணாந்து பார்த்தால் வானம் தெரியும். ஒரு கட்டுப் புல்லைச் செருகினால் ஒழுகல் நின்றுவிடும். வேலையும் வீட்டுக்காரரே செய்துகொள்வார்.

இப்போது கான்கிரீட் வீடு வந்துவிட்டது. 2011-ம் ஆண்டு தமிழக அரசு பசுமை வீடு திட்டத்தைத் தொடங்கியது. 300 சதுர அடி வீடு. 2014-ம் ஆண்டு தொடங்கிய தூய்மை இந்தியா திட்டத்தில் கழிப்பறை கட்ட 12 ஆயிரம் ரூபாய் கிடைத்தது. 2024-ம் ஆண்டு கலைஞரின் கனவு இல்லம் திட்டம் வந்தது. 360 சதுர அடி வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய்.

இவை எல்லாம் நல்ல காரியங்கள். காட்டுக்குப் போய்க் கொண்டிருந்த பெண்களுக்கு வீட்டோடு கழிப்பறை கிடைத்தது. அந்தப் பெருமையை யாரும் மறுக்க முடியாது.

ஆனால் கான்கிரீட் வீட்டுக்கு ஒரு குணம் உண்டு. அது ஒழுகினால் உடனே காட்டிக் கொடுக்காது. தண்ணீர் ஓர் இடத்தில் நுழையும். வேறு இடத்தில் வெளியே வரும். நுழைந்த இடம் தெரியவே பல மாதம் ஆகும்.

அன்று நடப்பது என்ன?

தளம் போடும் நாளை எல்லோரும் பார்த்திருப்பார்கள். கம்பி கட்டி, பலகை அடித்து, கலவை கொட்டுவார்கள். வீட்டுக்காரர் வடை, டீ வாங்கிக் கொடுப்பார். அன்றைக்குக் குழாய்க்காரர் வருவதில்லை. அவர் வருவது ஒரு மாதம் கழித்து.

வந்ததும் என்ன செய்கிறார்? உளியும் சுத்தியலும் எடுத்து, இறுகிப்போன தளத்தை உடைக்கிறார். 4 அங்குலக் குழாய்க்கு 7 அங்குலம், 8 அங்குலம் என்று ஓட்டை போடுகிறார். சில நேரம் கம்பியும் அறுபடுகிறது. குழாயை நுழைத்துவிட்டுப் போய்விடுகிறார்.

அடுத்து கொத்தனார் வருகிறார். குழாயைச் சுற்றிலும் வளையம் போல இடைவெளி. கீழே ஒரு சாக்குத் துண்டையோ சிமெண்ட் பையின் காகிதத்தையோ திணிக்கிறார். அதன் மேல் செங்கல் துண்டுகள். அதன் மேல் கொஞ்சம் சிமெண்ட் கலவை. கரண்டியால் ஒரு தடவு. வேலை முடிந்தது!

வீட்டு அம்மாள் கேட்கிறாள்:

"மேஸ்திரி அண்ணே, இது வழியா தண்ணி எறங்காதா?"

"ஒண்ணும் ஆவாதும்மா! மேல டைல்ஸ் போட்டா எல்லாம் மூடிக்கும்."

மூடிக்கொள்வது உண்மைதான். ஓட்டை மூடப்படுகிறது, அடைக்கப்படுவதில்லை. இந்த வேற்றுமையில்தான் வீட்டின் ஆயுள் இருக்கிறது.

சிமெண்ட் ஏன் ஒட்டுவதில்லை?

சிமெண்ட் கலவை காயும்போது சுருங்கும். இது அதன் இயற்கை. குழாய் ஓரத்தில் வைத்த கலவையும் காயக் காயச் சுருங்கி, குழாயை விட்டு விலகும். தலைமுடி அளவு விலகினாலும் போதும், தண்ணீருக்கு வழி கிடைத்துவிடும்.

இப்போது போடுவது பி.வி.சி. குழாய். அதன் மேல்புறம் வழவழப்பாக இருக்கும். அதில் சிமெண்ட் பிடிப்பதில்லை. எண்ணெய் தடவிய பாத்திரத்தில் மாவு ஒட்டாதது போல.

இன்னொன்றும் உண்டு. வெயிலிலும் வெந்நீரிலும் பி.வி.சி. குழாய் நீளும், குளிரில் சுருங்கும். கான்கிரீட்டும் அப்படித்தான். ஆனால் பி.வி.சி. சுமார் 5 மடங்கு அதிகமாக நீண்டு சுருங்கும். ஜவ்வாது மலையில் மார்கழி மாதக் குளிர் எப்படி இருக்கும் என்பது அங்கு உள்ளவர்களுக்குத் தெரியும். பல் கிட்டும் குளிரில் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றிக் குளிக்கிறார்கள். குழாய் ஒவ்வொரு நாளும் அசைகிறது. ஓரத்துக் கலவை விட்டுக்கொண்டே போகிறது.

டைல்ஸ் காப்பாற்றாதா? காப்பாற்றாது. டைல்ஸ் கல்லுக்குள் தண்ணீர் அதிகம் இறங்காது என்பது சரி. ஆனால் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே சந்து இருக்கிறதே! அதில் பூசும் சிமெண்ட் நாளடைவில் பொடிந்து உதிரும். டைல்ஸ் அழகுக்கும் சுத்தத்துக்கும் உதவும். தண்ணீரைத் தடுக்கும் வேலை அதற்குக் கீழே நடந்து முடிந்திருக்க வேண்டும்.

தண்ணீர் செய்யும் வேலை

ஒழுகும் தண்ணீர் எங்கே போகிறது?

தரை வீடு என்றால் மண்ணுக்குள் போகிறது. "மண்ணுக்குத்தானே போகிறது, போகட்டும்" என்று சிலர் நினைப்பார்கள். மலைச் சரிவில் கட்டிய வீட்டுக்கு மண் நிரப்பித்தான் தரையைச் சமமாக்குகிறார்கள். குழாய் ஓரமாக இறங்கும் தண்ணீர் அந்த மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கும். தரைக்கு அடியில் பொந்து விழும். ஒரு நாள் டைல்ஸ் பிளக்கும். குளியல் அறைத் தரை உள்வாங்கும். பக்கத்துச் சுவரில் ஓதம் ஏறும். வெள்ளை வெள்ளையாக உப்புப் பூக்கும். கழிப்பறைக் குழாய் இணைப்பும் சரியில்லை என்றால் அழுக்குத் தண்ணீர் மண்ணில் இறங்கும். அருகில் கிணறு இருந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியது இல்லை.

மாடி வீடு என்றால் கீழ் அறைக் கூரையில் வட்டம் வட்டமாகக் கறை விழும். பூஞ்சைக் காளான் படரும். அந்த அறையில் படுக்கும் குழந்தைக்கு இருமலும் இழுப்பும் வந்தால் மருந்துக் கடைக்குத்தான் ஓட வேண்டும்.

மாடி இல்லாத வீட்டுக்கும் இந்த ஆபத்து உண்டு. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி வைக்கிறார்கள். தொட்டியில் இருந்து குழாய் தளத்தைத் துளைத்துக்கொண்டு கீழே வருகிறது. மழைத் தண்ணீர் அந்தத் துளை ஓரமாக இறங்கும்.

எல்லாவற்றிலும் பெரிய கேடு கம்பிக்குத்தான். தளத்துக்கு உயிர் அதன் உள்ளே இருக்கும் இரும்புக் கம்பி. ஈரம் பட்டால் கம்பி துருப்பிடிக்கும். இரும்பு துருவாக மாறினால், இருந்ததைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இடம் பிடிக்கும். அந்த நெருக்கலில் கான்கிரீட் வெடிக்கும். காரை பெயர்ந்து விழும். கீழே தொட்டில் கட்டியிருந்தால்? நினைக்கவே நெஞ்சு நடுங்குகிறது அல்லவா!

குற்றம் யாருடையது?

கொத்தனாரைத் திட்டிப் பயன் இல்லை. அவருக்குக் கொடுக்கப்படும் கூலியில் குழாய் ஓரத்து வேலைக்கு என்று தனியாக ஒரு காசும் இல்லை. "சீக்கிரம் முடியுங்கள்" என்றுதான் எல்லோரும் அவரை விரட்டுகிறார்கள். குழாய்க்காரரோ, "ஓட்டையை அடைப்பது கொத்தனார் வேலை" என்கிறார். கொத்தனாரோ, "ஓட்டை போட்டது குழாய்க்காரர்" என்கிறார். இருவருக்கும் நடுவே ஓட்டை அப்படியே நிற்கிறது!

நம் நாட்டுக் கொத்தர்களுக்குத் தண்ணீரைத் தடுக்கும் கலை தெரியாதது அல்ல. பழைய சென்னை வீடுகளில் மெட்ராஸ் டெரஸ் என்ற தளம் போட்டார்கள். மர உத்திரத்தின் மேல் செங்கல்லைச் சுண்ணாம்பில் பதிப்பார்கள். அதற்கு மேல் செங்கல் சல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டுவார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் நாள் கணக்கில் தட்டுவார்கள். அப்படித் தட்டிய தளங்கள் தலைமுறை தலைமுறையாக நின்றன. அன்று அந்த வேலைக்கு நாளும் கூலியும் ஒதுக்கினார்கள். இன்று குழாய் ஓரத்து வேலைக்கு ஒரு மணி நேரம்கூட ஒதுக்குவது இல்லை.

எப்படிச் செய்ய வேண்டும்?

முதல் வழிதான் மிக நல்ல வழி. தளம் போடும் முன்பே குழாய்க்காரரைக் கூப்பிட வேண்டும். குழாய் வரும் இடத்தில், குழாயைவிடச் சற்றுப் பெரிய குழாய்த் துண்டு ஒன்றைப் பலகை மேல் நிறுத்திவிட்டு, அதைச் சுற்றிக் கலவை கொட்ட வேண்டும். பிறகு தளத்தை உடைக்க வேண்டிய அவசியமே இல்லை. கம்பியும் அறுபடாது.

தளம் ஏற்கனவே போட்டாகிவிட்டதா? அதற்கும் வழி உண்டு.

ஒன்று: உடைத்த ஓட்டையில் உள்ள தூசியையும் உதிரிக் கல்லையும் சுத்தமாக எடுக்க வேண்டும். சாக்கு, காகிதம், மரத்துண்டு எதையும் உள்ளே விடக்கூடாது. அடியில் பலகை கொடுத்துத் தாங்க வேண்டும்.

இரண்டு: குழாய் மேல் பிடிப்பு உண்டாக்க வேண்டும். கலவை தொடும் இடத்தில் குழாய் ஒட்டும் பசையைத் தடவி, காய்வதற்குள் உலர்ந்த மணலைத் தூவினால், வழவழப்பு போய்ச் சொரசொரப்பு வந்துவிடும். இதற்கு ஆகும் செலவு மிகச் சிறிது.

மூன்று: ஓட்டையின் சுவரை நனைத்து, சிமெண்ட் பால் பூசி, பிறகு கலவையை இறுக்கமாக நிரப்ப வேண்டும். சாதாரணக் கலவையைவிட, சுருங்காத கலவை நல்லது. 'நான் ஷ்ரிங்க் கிரௌட்' என்று பெரிய சிமெண்ட் கடைகளில் கேட்டால் கிடைக்கும். நிரப்பிய இடத்தை ஒரு வாரம் ஈரமாக வைக்க வேண்டும்.

நான்கு: தரை முழுவதும் நீர் தடுக்கும் பூச்சு இரண்டு கை பூச வேண்டும். முதல் கை நீளவாட்டில் என்றால், இரண்டாவது கை குறுக்குவாட்டில். பூச்சு சுவரிலும் ஓர் அடி உயரம் ஏற வேண்டும். குழாய் ஓரத்தையும் சுவர் மூலையையும் விட்டுவிடக்கூடாது.

ஐந்து: தண்ணீர் போகும் துவாரத்தை நோக்கித் தரை சரிவாக இருக்க வேண்டும். சுமார் 8 அடி தூரத்துக்கு ஓர் அங்குலச் சரிவு இருந்தால் தண்ணீர் தேங்காது.

இத்தனையும் முடிந்த பிறகுதான் டைல்ஸ். அதற்கும் முன்பு ஒரு சோதனை உண்டு.

ஏழெட்டுக் குடம் தண்ணீர்

குளியல் அறையில் தண்ணீர் போகும் துவாரத்தைத் துணியால் இறுக அடைக்க வேண்டும். வாசலில் ஒரு வரிசைச் செங்கல் வைத்துப் பூச வேண்டும். 2 அங்குல உயரத்துக்குத் தண்ணீரை நிறுத்த வேண்டும். சுவரில் பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொள்ள வேண்டும். இரண்டு நாள் அப்படியே விட வேண்டும்.

கோட்டை விட்டுத் தண்ணீர் வெகுவாக இறங்கியிருந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது. மாடி என்றால் கீழே போய் அண்ணாந்து பார்த்தாலே தெரிந்துவிடும். டைல்ஸ் போடாததால் உடனே சரிசெய்துவிடலாம்.

"மலையில் தண்ணீர் ஏது? கோடையில் குடிக்கவே இடுப்பில் சுமக்க வேண்டியிருக்கிறதே!" என்று பெண்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். கணக்குப் பார்ப்போம். 6 அடி நீளம், 4 அடி அகலம் உள்ள குளியல் அறையில் 2 அங்குலம் தண்ணீர் நிறுத்த சுமார் 110 லிட்டர் வேண்டும். ஏழெட்டுக் குடம்! அதையும் வீணாக்க வேண்டியதில்லை. இரண்டு நாள் கழித்து மொண்டு, புதிதாகப் பூசிய சுவரை நனைக்கப் பயன்படுத்தலாம்.

ஓட்டையோடு டைல்ஸ் போட்டுவிட்டால் பின்னால் என்ன ஆகும்? டைல்ஸை உடைக்க ஆள் வேண்டும். புது டைல்ஸ் வாங்க வேண்டும். போளூரில் இருந்தோ திருப்பத்தூரில் இருந்தோ சிமெண்ட் மூட்டை மலை ஏற வேண்டும். அதற்கு வண்டி வாடகை. ஏழெட்டுக் குடம் சுமக்கும் பாடு பெரிதா, இது பெரிதா?

பிற நாட்டில் எப்படி?

சிங்கப்பூரில் அரசு கட்டிய அடுக்குமாடி வீடுகளில்தான் பெரும்பாலான மக்கள் வாழ்கிறார்கள். தமிழர்களும் அப்படியே. அங்கு ஒரு விதி உண்டு. புதுக் கட்டிடத்தில் முதல் 3 ஆண்டுகளுக்குக் குளியல் அறைத் தரையையும் சுவர்க் கல்லையும் உடைக்கக்கூடாது. அடியில் இருக்கும் நீர் தடுப்புப் பூச்சு கெட்டுவிடக் கூடாது என்பதற்காக இந்த விதி. மேல் வீட்டில் இருந்து கீழ் வீட்டுக்கு ஒழுகினால், அதைச் சரிசெய்யும் பொறுப்பு இரண்டு வீட்டாருக்கும் உண்டு. ஆஸ்திரேலியாவிலோ, குளியல் அறைக்கு நீர் தடுப்பு செய்யவேண்டும் என்பது கட்டிட விதியிலேயே இருக்கிறது.

நம் நாட்டிலும் சட்டம் இல்லாமல் இல்லை. 2016-ம் ஆண்டு வந்த மனை வணிகச் சட்டத்தின்படி, பதிவு செய்த அடுக்குமாடித் திட்டத்தில் வீடு வாங்கியவர், 5 ஆண்டுக்குள் வேலைக் குறை தெரிந்தால் கட்டியவரிடம் கேட்கலாம். கட்டியவர் 30 நாளில் செலவு வாங்காமல் சரிசெய்து தர வேண்டும்.

இது விலைக்கு வாங்கிய வீட்டுக்கு. ஜவ்வாது மலையில் அரசு உதவியோடு தானே நின்று வீடு கட்டும் குடும்பம் யாரிடம் போய்க் கேட்கும்? கொத்தனார் அடுத்த ஊருக்குப் போயிருப்பார். குழாய்க்காரர் பெயர்கூட மறந்திருக்கும். யாருக்குப் பணம் குறைவோ அவருக்கே காப்பும் குறைவு. இது நியாயமா?

இன்னும் ஒரு படம்

அரசு வீடுகளுக்குப் பணம் கட்டம் கட்டமாகக் கொடுக்கப்படுகிறது. அடித்தளம் முடிந்ததா, கூரை போட்டாயிற்றா என்று அதிகாரிகள் வந்து பார்க்கிறார்கள். படம் எடுக்கிறார்கள். வாசலில் குடும்பத்தார் நிற்கும் படமும் உண்டு.

அந்தப் படங்களோடு இன்னும் ஒரு படம் சேரட்டும். தண்ணீர் நிறுத்திய குளியல் அறையின் படம்! டைல்ஸ் போடும் முன்பு, சுவர்க் கோடு வரை தண்ணீர் நிற்கும் படம் ஒன்று. இரண்டு நாள் கழித்து அதே கோட்டில் நிற்கும் படம் ஒன்று. மாணவர் விடுதி, பள்ளிக்கூடம் போன்ற மாடிக் கட்டிடங்களுக்கும் இதே சோதனை வேண்டும். குழாய் ஓரத்து வேலைக்கு மதிப்பீட்டுத் தாளில் தனி வரி போட்டுக் கூலியும் ஒதுக்க வேண்டும். கூலி இல்லாத வேலையை யாரும் கருத்தாகச் செய்ய மாட்டார்கள்.

"இதனால் வேலை தாமதம் ஆகும், பணம் வருவதும் தள்ளிப் போகும்" என்று சிலர் சொல்லலாம். தண்ணீர் தரையில் நிற்கும் இரண்டு நாளில் வெளிச்சுவர் பூசலாம்; கதவு மாட்டலாம். வேலை நிற்க வேண்டியதில்லை.

அரசு செய்யும் வரை குடும்பத்தார் காத்திருக்க வேண்டியதும் இல்லை. வேலை தொடங்கும் அன்றே கொத்தனாரிடமும் குழாய்க்காரரிடமும் சொல்லிவிடலாம்: "தண்ணீர் நிறுத்திப் பார்த்த பிறகுதான் கடைசிக் கூலி." முன்பே சொல்லிவிட்டால் யாருக்கும் வருத்தம் இல்லை.

ஏற்கனவே ஒழுகுகிறதா?

அப்படியானால் கீழே பூசி மறைக்க வேண்டாம். கறைக்கு வெள்ளை அடித்தால் கறை மறையும், தண்ணீர் மறையாது. இரண்டு நாள் குளியல் அறையில் தண்ணீர் புழங்காமல் காயவிட வேண்டும். பிறகு சாயப் பொடி கரைத்த தண்ணீரை ஒவ்வோர் இடமாக ஊற்றிப் பார்க்க வேண்டும். குழாய் ஓரத்தில் ஊற்றியபோது கீழே சாயம் இறங்கினால் திருடன் பிடிபட்டான்! அந்த இடத்தில் உள்ள கற்களை மட்டும் எடுத்து, பழைய கலவையைச் சுரண்டி, மேலே சொன்ன முறைப்படி நிரப்பலாம். காரை பெயர்ந்து கம்பி வெளியே தெரிந்தால் பொறியாளரிடம் காட்டாமல் எதுவும் செய்யக்கூடாது.

வீடு குடிபோகும்போது பால் காய்ச்சுவது நம் வழக்கம். பால் பொங்கினால் வீட்டில் நன்மை பொங்கும் என்பார்கள். நல்ல வழக்கம்தான். அதற்குச் சில வாரம் முன்பு, ஏழெட்டுக் குடம் தண்ணீர் நிறுத்திப் பார்ப்பதும் ஒரு வழக்கம் ஆகட்டும்.

பால் பொங்கட்டும்! தண்ணீர் மட்டும் ஒழுகாமல் இருக்கட்டும்!